பிரீ-எக்லாம்சியாவில் (கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் நோய்) கெட்டுப்போகும் ரத்தக் குழாய்களைச் சரிசெய்ய மருந்து இருக்கிறதா?

இன்றைக்கு இல்லை. இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் யாருக்கோ கர்ப்பத்தில் பிரஷர் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. "நீ யார் இதைச் சொல்ல?" என்று வருகிறவர்கள் வரட்டும், இதை அனுபவித்தவள் நான்.

முதல் கர்ப்பம், 31-வது வாரம். 2 நாளாகத் தலைவலி, கண் முன்னால் பூச்சி பறந்தது. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டேன். செக்கப்புக்குப் போனால் பிரஷர் 170/110. உடனே மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீயாய் எரிந்தது. அது பிரஷருக்கு என்றே நினைத்திருந்தேன். வலிப்பு வராமல் தடுக்க என்று அப்புறம்தான் தெரிந்தது. பிரஷருக்கு லேபெட்டலால் தனி. ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைத் தயார் செய்யும்வரை இந்த மருந்துகள் என்னைத் தாக்குப்பிடிக்க வைத்தன, அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஆபரேஷன்.

குழந்தை 5 வாரம் இன்குபேட்டரில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடியில். கருப்பையின் சிறு தமனிகள் சரியாக விரியாமல் அதற்கு ரத்தம் குறைகிறது. அப்போது அது எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறது. குழாய்களின் உள்சுவரைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளை அந்தப் புரதம் பிடித்துக்கொள்வதால் குழாய்கள் இறுகுகின்றன, கசிகின்றன. அதனால்தான் நஞ்சுக்கொடி வெளியே வராமல் நோய் தீராது.

ஆராய்ச்சி நடக்கிறது. 2021-ல் வந்த தென்னாப்பிரிக்க ஆய்வில், குறைமாதத்திலேயே நோய் வந்தவர்களில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களுக்கு அதன்பின் கர்ப்பம் 17.7 நாள் நீடித்தது, மற்றவர்களுக்கு 10.1. நான் அதை ஆசையோடு படித்தேன், ஆனால் சிறிய ஆய்வு, உறுதியான முடிவு இல்லை. ரத்தக் குழாய்களை விரிக்கும் சில்டெனாஃபில் (வயாக்ரா) பக்கம் மட்டும் போகாதீர்கள். கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக நெதர்லாந்தில் நடந்த அந்த மருந்தின் ஆய்வைப் பிறந்த குழந்தைகளின் நுரையீரல் பாதிப்பால் 2018-ல் நிறுத்தினார்கள்.

வராமல் தடுப்பதற்கு ஆஸ்பிரின் இருக்கிறது. 2017 ஆய்வு ஒன்றில், ஆபத்து அதிகமுள்ளவர்கள் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் எடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் பிரீ-எக்லாம்சியா 62% குறைந்தது. என் இரண்டாவது கர்ப்பத்தில் டாக்டர் அதைத்தான் கொடுத்தார். 38 வாரம் ஓடியது. மாத்திரையால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். நோய் வந்த பிறகு அது உதவாது, டாக்டரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம்.

இப்போதே தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ இருந்தால் இந்தப் பதிலை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.