555 புத்தகத்தில் இல்லாத பெயர்

அன்புள்ள அம்மா,

வணக்கம். போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் ஆலோசனை அலுவலகத்துக்கு வந்தபோது உங்கள் ஒரு கையில் மகனின் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிவுத்தாள், இன்னொரு கையில் ஒரு 555 புத்தகம், அந்தச் சட்டைப்பை அளவு கணக்கு நோட்டு. "படிக்க மாட்டேங்கிறான் சார், கேட்டரிங்தான் செய்யப் போறானாம். எந்நேரமும் இதுல என்னமோ கிறுக்கிக்கிட்டு இருக்கான்" என்றீர்கள். முடிவுத்தாளை ஓரமாக வைத்துவிட்டு நான் அந்தச் சின்னப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

முதலில் படிப்பு விஷயத்தை முடித்துவிடுவோம். கணிதத்தில் கிரெடிட் வைத்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமாவுக்கு முயலலாம். கிடைக்காவிட்டால் சமுதாயக் கல்லூரியில் சமையல் சான்றிதழ். யு.பி.யு. என்ற அரசு உயர்கல்விச் சேர்க்கைத் தளம் வழியாக விண்ணப்பியுங்கள், தேதியை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் கணக்கியல்தான். சமையல் அவனுக்கு உங்களிடமிருந்தே வந்துவிட்டது.

தொழில் தொடங்குவது பெரிய வித்தை இல்லை. 18 வயதாகிவிட்டால் தொழில்களைப் பதியும் எஸ்.எஸ்.எம்.மில் பதியலாம்: சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60. அப்புறம் உணவு கையாளுவோருக்கான பயிற்சி, டைபாய்டு ஊசி, கடை எடுத்தால் மாநகர் மன்ற லைசென்ஸ். எல்லாம் அலைந்து முடித்துவிடக்கூடிய வேலைகள். முதலாளியாக இருப்பதுதான் கஷ்டம். அதில் நானே ஒருமுறை தோற்றவன்.

இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் செந்தூலில் அச்சகம் வைத்திருந்தேன், ஆறு பேர் வேலை செய்தார்கள். ஓர் ஆண்டு ஆர்டர் படுத்துவிட்டது. சம்பளத்தில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் பிடித்தேன், கட்டவில்லை. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தே ஏழு மாதம் ஓடியது. மெஷின் ஓட்டிய அண்ணன் வீடு வாங்கத் தன் இபிஎஃப் இரண்டாம் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் போனார். மறுநாள் காலை அறிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். சத்தம் போடவில்லை. மை படிந்த விரலை ஒவ்வொரு வரியாக வைத்து, "மார்ச் இல்ல முதலாளி. ஏப்ரல் இல்ல. மே இல்ல" என்று வாசித்துக்கொண்டே போனார். அந்த வாரம்தான் கோயில் மண்டபத்தில் இளைஞர்களுக்குத் தலைமைத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன்! வண்டியை விற்று அபராதத்தோடு கட்டினேன். அவர் அந்த மாதமே வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். நான் அவராக இருந்தாலும் போயிருப்பேன்.

அதனால் உங்கள் மகனுக்கு இந்தக் கணக்கை முதலில் சொல்லிக்கொடுங்கள். இன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதற்கு முதலாளி தன் கையிலிருந்து போடும் இபிஎஃப் 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. தொழிலாளியிடம் பிடிப்பது 11 விழுக்காடு, 187. இரண்டும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா தனி. கல்லாவில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் அந்த 187 உங்கள் மகன் பணம் அல்ல, தொழிலாளியுடையது. ஒரு தட்டு சாப்பாட்டுக்கு விலை வைக்கும்போதே இதையெல்லாம் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் மலிவாகக் கொடுக்கிறாரே என்பான். அந்த மலிவு யார் சம்பளத்திலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது 555-க்கு வருகிறேன். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு ஒன்றுக்கு அவன் சமைத்துக் கொடுத்த கணக்கு அதில் இருந்தது. உதவிக்கு வந்த நான்கு நண்பர்களுக்கும் ஆளுக்கு 60 வெள்ளி; நால்வருக்கும் நேரே 'கொடுத்தாச்சு'. அதற்குக் கீழேதான் லாபம் எழுதியிருந்தான். "காது கேக்காத பையனை வேற சேத்துக்கிட்டான்" என்று குறைப்பட்டுக்கொண்டீர்களே, அந்தப் பையனுக்கும் அதே 60. அவனுக்கென்று ஆர்டரைப் படம் வரைந்து வைத்திருந்தான்: எந்தத் தட்டு எந்த மேசைக்கு என்று. சொல்லிக்கொடுத்து வரும் குணமா இது?

எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துச் சாலைக்கு, மலேசிய இந்தியர் தலைவரும் அமைச்சருமாக இருந்த துன் சம்பந்தன் பெயர். ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்த, ரப்பர் பால் எடுத்த தொழிலாளியின் பெயர் பங்குதாரர் ஏட்டில் ஏறியது. ஒரு தொழிலைப் பார்க்கும்போது நான் தேடுவது இதைத்தான்: வேலை செய்தவர் பெயர் கணக்கில் இருக்கிறதா?

உங்கள் மகன் புத்தகத்தில் ஒரு பெயர் இல்லை, அம்மா. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மசாலா வதக்கியது நீங்கள் என்று நீங்களேதான் சொன்னீர்கள். நண்பர்கள் இருக்கிறார்கள், கேஸ் இருக்கிறது, பெட்ரோல்கூட இருக்கிறது. நீங்கள் இல்லை. "நம்ம புள்ளைதானே" என்பீர்கள். உங்கள் உழைப்பைச் சும்மா எடுத்துக்கொண்டால் அவன் காட்டும் லாபம் பொய்க்கணக்கு. நாளைக்கு உங்களுக்கு முட்டிவலி வந்து, வேறொரு சமையல்காரரை வைக்கும்போது அது புரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவனை அழைத்து வாருங்கள். முடிவுத்தாளோடு 555-ஐயும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு எழுதியிருக்கிறான் என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.