இறங்காத சாப்பாட்டுக்கு ஹோட்டல் காரணமல்ல

கேள்வி: எனக்கு வயது 52. வேலை காரணமாகப் பல வருடங்களாக வாரத்தில் பாதி நாள் ஹோட்டல் சாப்பாடுதான். சாப்பிட்டதும் வயிறு உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நானே வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். எம்.எஸ்.ஜி.யும் (அஜினோமோட்டோ) திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் இரைப்பைப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மூன்று மாதமாக ஹோட்டலை விட்டுவிட்டு வீட்டிலேயே கஞ்சி, சூப், குழைந்த சோறு என்று எளிமையாகச் சாப்பிடுகிறேன். நன்றாக ஒத்துக்கொள்கிறது. ரொட்டியும் இறைச்சியும் மட்டும் நெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகின்றன. ஹோட்டல் சாப்பாடு என் வயிற்றைக் கெடுத்துவிட்டதா?

பதில்: ரொட்டியும் இறைச்சியும் நெஞ்சில் நிற்கின்றன என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். இந்த வாரமே இரைப்பை, குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.

வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்கிறீர்கள். அப்படி என்ன சாப்பிடுகிறீர்கள்? கஞ்சி, சூப், குழைந்த சோறு. எல்லாம் தானாக வழுக்கிக்கொண்டு இறங்குபவை. அதே வீட்டில், அதே அடுப்பில் வெந்த இறைச்சி இறங்க மறுக்கிறதே? எங்கே சமைத்தது என்பதல்ல, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதே இங்கே பிரச்சினை. உங்களுக்குக் குணமாகவில்லை. குறுகிய வழியில் போகக்கூடிய உணவாகப் பார்த்து, உங்களை அறியாமலேயே மாற்றிக்கொண்டீர்கள். அவ்வளவுதான்.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக் குழாய். கவளம் வரும்போது தாராளமாக விரிந்துகொடுக்கும். அதன் உள்விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ.க்குக் கீழே குறுகிவிட்டால் கெட்டியான உணவு தடுமாறத் தொடங்கும். இது பெரும்பாலும் மெல்ல மெல்ல நடப்பதால் மனிதர்கள் அதற்கேற்பப் பழகிவிடுகிறார்கள். இறைச்சியை முன்பைவிடச் சின்னதாக நறுக்குவார்கள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள், மாத்திரையை உடைத்துப் போட்டுக்கொள்வார்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் இவர் தட்டில் பாதி இருக்கும். "விழுங்குவதில் சிரமம் உண்டா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லை டாக்டர்" என்பார்கள். கூட வந்த மனைவியோ மகளோதான் "முன்னே பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்திருப்பார், இப்போ முக்கால் மணி நேரம் ஆகிறது" என்று எடுத்துக் கொடுப்பார்கள். நாலு பேர் முன்னால் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து வெளியில் சாப்பிடுவதையே நிறுத்தியவர்களும் உண்டு. நீங்கள் ஹோட்டலை விட்டதில் அந்தப் பயமும் கொஞ்சம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, காரணம் என்னவாக இருக்கும்? நீண்டகால நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு, மேலேறி வரும் அமிலம் உணவுக்குழாயின் அடிப்பகுதியைப் புண்ணாக்கி, அது ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் சுருங்கியிருக்கலாம். ஒருவகை வெள்ளணுக்கள் குழாயின் சுவரில் சேர்வதால் வரும், அலர்ஜி சார்ந்த ஈசினோஃபிலிக் அழற்சியாக இருக்கலாம். சிலருக்கு உள்ளே மெல்லிய வளையம் போல் சவ்வு இருக்கும். உணவுக்குழாயின் அசைவே கெட்டுப்போவதும் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சேர்ந்து தடுக்கும். உங்கள் கதை அப்படி இல்லை. இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று, புற்றுநோய். அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று கடிதத்தை மட்டும் படித்துவிட்டுச் சொல்ல என்னாலும் முடியாது, இணையத்தாலும் முடியாது. நீங்கள் பயந்துகொண்டிருப்பது இரைப்பையை நினைத்து. பார்க்க வேண்டிய இடம் அதற்கு மேலே இருக்கிறது. மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், விழுங்கச் சிரமம் என்றால் எந்த வயதாக இருந்தாலும் அவசரமாக எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்கிறது. மற்ற பல அறிகுறிகளுக்கு வயது வரம்பு வைத்தவர்கள் இதற்கு வைக்கவில்லை.

எண்டோஸ்கோப்பி என்றதும் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்து தெளிப்பார்கள், வேண்டுமென்றால் அரைமயக்க ஊசி உண்டு. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத குழாய்தான் உள்ளே போகும். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சோதனைக்காகச் சதைத்துணுக்கைக் கிள்ளியெடுத்தாலும் வலிக்காது. தழும்பால் வந்த சுருக்கம் என்றால் பலூன் வைத்து விரிவாக்கிவிடலாம். அப்புறம் இறைச்சியையும் ரொட்டியையும் நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. அந்த மாத்திரை நல்ல மருந்து, நானே தினமும் எழுதித் தருகிறேன். ஆனால் அது எரிச்சலை அடக்கிவிடுவதால் நோய் போய்விட்டது என்று நம்பிவிடுகிறீர்கள். உள்ளே சுருக்கம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். புற்றுநோய்ப் புண்ணின் மேற்பரப்பைக்கூட அது தற்காலிகமாக ஆற்றி, பரிசோதனையில் கண்ணை ஏமாற்றிவிடலாம். அதனால், இந்த மாத்திரையை எத்தனை மாதங்களாகச் சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன் நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

மற்ற கவலைகளை விட்டுத்தள்ளுங்கள். எம்.எஸ்.ஜி. மீதான பயம், 1968இல் ஒரு மருத்துவ இதழுக்கு ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பியது. எது தரப்படுகிறது என்று சொல்லாமல் கொடுத்துச் சோதித்தபோது, அது உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்ற புகார்கள் உறுதியாக நிற்கவில்லை. அதே குளூட்டமேட் தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. திரும்பக் காய்ச்சிய எண்ணெய் நல்லதல்ல, குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இறைச்சி நெஞ்சில் நிற்பதற்கு அது காரணமாகாது. உப்புசமும் ஏப்பமும் ஹோட்டல் சாப்பாட்டின் அளவாலும் நேரத்தாலும் வருபவை. கொழுப்பு அதிகமான உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். இரவு பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, மேலே ஒரு சோடாவும் குடித்துவிட்டுப் படுத்தால் யாருக்கும் ஏப்பம் வரும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், போதும்.

இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் தொண்டையைத் தடவிப் பார்க்க வேண்டாம். சும்மா இருக்கும்போது தொண்டையில் உருண்டை இருப்பது போலத் தோன்றி, சாப்பிடும்போது அது மறைந்துவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சாப்பிடும்போதுதான் நிற்கிறது, அதுவும் கெட்டியானது நிற்கிறது என்றால்தான் உடனே வர வேண்டும்.

பரிசோதனை முடியும் வரை இறைச்சித் துண்டுகளையும் காய்ந்த ரொட்டியையும் தொடாதீர்கள். எப்போதாவது ஒரு கவளம் அடைத்துக்கொண்டு எச்சில்கூட உள்ளே போகாமல் வழிந்தால், மேலே ஒரு வாழைப்பழத்தையோ ரொட்டியையோ விழுங்கித் தள்ளப் பார்க்காதீர்கள். அன்றே, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எடை குறைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மலம் தார் போல் கறுப்பாகப் போனால் குறித்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது வலி மாத்திரை உட்பட நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். முதலில் நிற்கத் தொடங்கியது எந்த உணவு, எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள், நீங்கள் மறந்ததை அவர் சொல்வார்.