பாப்கார்ன் உடலுக்கு நல்லதா, எடையைக் கூட்டுமா?

மாலைப் பசிக்குப் பாப்கார்ன் சாப்பிடலாமா, அது உடம்பை ஏற்றிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அளவாக எண்ணெய் விட்டுப் பொரித்ததைத் தயங்காமல் சாப்பிடலாம்; திரையரங்கில் வாளி நிறைய வாங்குவதை அதே உணவு என்று எண்ண வேண்டாம்.

மக்காச்சோளத்தைத் தீட்டாமல், அரைக்காமல், தோலும் முளையும் சேர்ந்தபடியே பொரிப்பதால் பாப்கார்ன் ஒரு முழுதானிய உணவு. எண்ணெயின்றிச் சூடான காற்றில் பொரித்ததில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 14 கிராம் நார்ச்சத்தும் 13 கிராம் புரதமும் உண்டு. பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டு நம்மைப் படுத்தும் அந்தத் தோலில்தான் நார்ச்சத்தும், பாலிஃபீனால்கள் என்னும் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புத் தாவரப் பொருள்களும் செறிந்திருக்கின்றன. 100 கிராமில் 380 கலோரிக்கு மேல் இருப்பதைப் படித்துவிட்டுப் பலர் மிரண்டுபோகிறார்கள். ஆனால் ஒரு கோப்பைப் பாப்கார்ன் 8 கிராம்தான் இருக்கும் என்பதால், அதில் கிடைப்பது 30 கலோரி அளவே. மூன்று கோப்பை சாப்பிட்டாலும் 100 கலோரியைத் தாண்டாது, வயிறும் நிறைந்துவிடும். இதே நிறைவை மிக்சரிலோ சிப்ஸிலோ தேடினால் பல மடங்கு எண்ணெய் உள்ளே போகும்.

கெடுதல் சேர்வது பொரிக்கும்போதும் அதன் பிறகும்தான். அமெரிக்காவில் 'சென்டர் ஃபார் சயன்ஸ் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்' என்னும் நுகர்வோர் நல அமைப்பு, திரையரங்குப் பாப்கார்னை ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டது. தேங்காய் எண்ணெயில் பொரித்து வெண்ணெய்ச் சுவை சேர்த்த நடுத்தர அளவுப் பாப்கார்னில், பன்றி இறைச்சியும் முட்டையும் கொண்ட காலை உணவு, பர்கரும் உருளை வறுவலும் கொண்ட மதிய உணவு, மாட்டிறைச்சி இரவு உணவு ஆகிய மூன்றிலும் சேர்த்து இருப்பதைவிட, ரத்தக்குழாய்களை அடைக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக இருந்தது. இன்று நம் ஊர் மல்டிபிளெக்ஸ்களிலும் வாளியின் அளவும் உப்பும் கவலை தருபவையே. திரையில் கண் இருக்கும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்பது தெரிவதில்லை. கேரமல் பூசியது என்றால் சர்க்கரையும் கூடுகிறது, அதை இனிப்புப் பண்டமாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டில் செய்வது எளிது. அடிகனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, முதலில் இரண்டு மூன்று மணிகளை மட்டும் போட்டு, அவை வெடித்ததும் மீதியைப் போட்டு மூடி, அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். ஆவி வெளியேற மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். வெண்ணெயில் தண்ணீர் இருப்பதால் பாப்கார்ன் நமத்துவிடும். வாசனை வேண்டுமென்றால் அரைத் தேக்கரண்டி நெய் போதும். உப்பை மாவாகப் பொடித்துத் தூவினால் நன்றாக ஒட்டுவதால் குறைவாகவே செலவாகும். மிளகுத்தூள் சேர்த்தால் இன்னும் குறைக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், இதன் எடையில் முக்கால் பங்கு மாவுச்சத்துதான் என்பதால், சாப்பிடும் அளவை அன்றைய மொத்த உணவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எந்த வகைப் பாப்கார்னும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.