தனி வகுப்பு வேண்டாம், ரப்பர் ம்யூட் வாங்குங்கள்

கேள்வி: வீட்டில் எட்டுக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித்தருகிறேன், ஓவியமும் வரைவேன். இந்த வருடம் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவனும், பார்வை மிகக் குறைந்த பெண் ஒருத்தியும் சேர்ந்திருக்கிறார்கள். வில் போட்டாலே அவன் காதைப் பொத்திக்கொள்கிறான். அவளுக்கு ஸ்வரஸ்தானம் (தந்தியில் எந்த ஸ்வரம் எங்கே என்பது) பிடிபடவில்லை. இருவருக்கும் தனி வகுப்பு வைக்கலாமா? சிறப்புக் கல்வியில் பி.எட். படித்தால்தான் முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பிரிக்காதீர்கள், அம்மா. மாற்ற வேண்டியது சாமான்களைத்தான்.

பையனைக் குத்துவது பெரும்பாலும் கீச்சொலிதான். வில் கோணலாகக் குதிரைப் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பக்கம் சரிந்தாலும், அழுத்தம் போதாமல் வழுக்கினாலும் அது வரும்; வில்லுக்குப் பூசும் பிசினான ரோசினை அதிகம் தேய்த்தால் கரகரப்பு. சத்தத்தைக் குறைக்கக் குதிரை மேல் மாட்டும் கனமான ரப்பர் ம்யூட்டை எல்லோருக்கும் வாங்குங்கள். சிறிய வட்ட ம்யூட் இதற்குப் போதாது. அவன் சில வாரம் விரலால் மீட்டட்டும், வில் பிறகு. சுருதி, வில், சரளி (முதல் ஸ்வரப் பயிற்சி), வீட்டுக்கு என்று நான்கு படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே கழற்றட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

பெண்ணுக்கு, கறுப்பு விரல் பலகையின் குறுக்கே தந்திக்கு அடியில் 2 மில்லிமீட்டர் அகல மஞ்சள் டேப். விரலுக்கும் தட்டும், மிச்சமிருக்கும் பார்வைக்கும் தெரியும். பிரடைப் (தந்தியை முறுக்கும் ஆணி) பக்க மேட்டிலிருந்து குதிரை வரை தந்தி நீளத்தை அளந்து, மேட்டிலிருந்து அதில் 16-ல் ஒரு பங்கு, 5-ல் ஒரு பங்கு, 4-ல் ஒரு பங்கு தள்ளி ஒட்டுங்கள். முழு அளவு வயலினில் (சுமார் 325 மி.மீ.) இவை 20, 65, 81 மி.மீ. தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் இவை ஸ தந்தியில் ரி, க, ம. அதே கோடுகளே ப தந்தியில் த, நி, மேல் ஸ. சரளி, அடுத்து வரும் ஜண்டை (இரட்டை ஸ்வரப் பயிற்சி) வரை இது போதும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) தொடங்கினால் டேப் விரலைத் தடுக்கும். ரி, க கோடுகளை முதலில் எடுங்கள். ம கோடு கடைசி வரை இருக்கட்டும்: ப தந்தியில் அங்கே வரும் மேல் ஸ-வைத் திறந்த ஸ தந்தியோடு ஒப்பிட்டு, சேர்கிறதா என்று அவளே காதால் சரிபார்க்கலாம்.

உங்கள் ஓவியக் கை இங்கே உதவும். தடிமனான அட்டையில் பெவிகாலால் எட்டுப் புள்ளி வையுங்கள், 4, 2, 2 என்று இடைவெளி விட்டு. மேலே கோலமாவு தூவி ஓர் இரவு காயவிட்டால் புள்ளிகள் மேடாகும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை விரலால் தடவிப் போகலாம். நால்வர் வாசிக்க, நால்வர் தடவட்டும், பிறகு மாறட்டும். ஸ்வரத்துக்கு ஒரு நிறம் என்று மட்டும் போகாதீர்கள். ராகம் மாறினால் ரி-யின் இடமே மாறும். சிவப்பு ஓரிடத்தில் ஊன்றிப்போன குழந்தைக்கு அது வீண் குழப்பம்.

பி.எட்.? பள்ளியில் சிறப்பு ஆசிரியர் வேலைக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு வேண்டும். வீட்டில் வயலின் சொல்லித்தர அது தேவையில்லை. படிக்க ஆசையிருந்தால் அந்தக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். அதற்கு முன் பையனின் பெற்றோரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது, எது அவனை அமைதிப்படுத்தும், வெளியே போக வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான். அந்த மூன்றாவது பதிலை மற்ற ஏழு பேருக்கும் சொல்லிவையுங்கள்.