மலை வாசகர் கேள்வி பதில்: கண்ணுல பட்டது எத்தனை, காட்டுல இருக்குறது எத்தனை?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல விலங்கு கணக்கெடுப்பு பத்திதான், அதுவும் டீ எஸ்டேட், பூண்டு வயல், ரிசார்ட்டுன்னு மனுஷன் மாத்திப்போட்ட இடத்துல விலங்கை எப்படி எண்ணுறாங்க, மாடல் மாடல்னு சொல்றாங்களே அது என்னன்னு. அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

கோத்தகிரி பக்கத்துல சொந்தமா தேயிலை வச்சிருக்குற ஒரு வாசகி: சார், கடைசி நாலஞ்சு வருஷத்துல காட்டெருமை பத்து மடங்கு கூடிடுச்சு. பச்சை பறிக்கப் போற பொம்பளைங்க தினமும் பயந்துகிட்டுதான் போறாங்க. நேரா எண்ணிட்டு இவ்வளவுன்னு சொல்லாம எதுக்கு மாடல் அது இதுன்னு சுத்தி வளைக்கிறீங்க?

அக்கா, உங்க கண்ணுல படுறது கூடியிருக்குங்குறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஒரு இடத்துல எத்தனை பாத்தோம்ங்குற நம்பருக்குள்ள ரெண்டு விஷயம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அங்க எத்தனை இருக்கு, இருக்குறதுல எத்தனை நம்ம கண்ணுல மாட்டும். ஒரு பேச்சுக்கு, சோலைக்குள்ள (அடர்ந்த மலைக்காட்டுக்குள்ள) நிக்கிற நூறு மாட்டுல பத்துதான் தெரியுதுன்னு வைங்க, கவாத்து பண்ணி இடுப்பு உயரத்துல இருக்குற தேயிலைக்குள்ள அதே நூறு நின்னா தொண்ணூறு தெரியும். அப்ப அதே மாடுங்க சோலையை விட்டு தோட்டத்துக்கு இறங்கினாலே பாக்குறவங்களுக்கு ஒன்பது மடங்கு ஆன மாதிரி இருக்கும், ஒரு கன்னு கூட புதுசா பொறக்காம. இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற கணக்கு முறைக்குத்தான் மாடல்னு பேர், வேற எதுவும் இல்ல.

இன்னொரு பக்கமா பாருங்க. காட்டெருமை கிட்டத்தட்ட ஒன்பது மாசம் சுமக்கும், பொதுவா ஒரு தடவைக்கு ஒரு கன்னுதான். நூறு மாட்டுல அம்பது வளர்ந்த பசு, எல்லாமே வருஷாவருஷம் கன்னு போடுது, புலி பிடிக்கல, நோய் வரல, கிணத்துல விழல, ஒண்ணு கூட சாகலன்னே வச்சாலும் அடுத்த வருஷம் 150 தான். நடக்கவே நடக்காத இந்த வேகத்துல போனாலும் அஞ்சு வருஷத்துல எட்டு மடங்கைத் தொடாது. அப்ப பத்து மடங்குல பெரும்பங்கு இடம் மாறி வந்ததுதான். ஏன் மாறுதுன்னா புல்வெளி மேல சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டாச்சு, காட்டுக்கு அடியில உண்ணிச்செடி புதரா அடைச்சுக்கிச்சு, மேயறதுக்கு புல்லு தோட்டத்து ஓரத்துலயும் காய்கறி வயல்லயும்தான் இருக்கு.

நிஜமான பெருக்கமும் கொஞ்சம் இருக்கலாம், அதையும் மறைக்கக் கூடாது. 1968-ல முதுமலைப் பக்கம் வெக்கை நோய் வந்து காட்டெருமைங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு. நாட்டு மாட்டுல இருந்து பரவுற நோய் அது, தடுப்பூசியாலதான் ஒழிஞ்சது, 2011-ல உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சாங்க. அதனால எந்த வருஷத்துல இருந்து கணக்கை ஆரம்பிக்கிறோம்ங்குறது ரொம்ப முக்கியம், நோய்ல அழிஞ்ச காலத்துல ஆரம்பிச்சா எல்லாமே பெருக்கமாத்தான் தெரியும்.

சரி, எண்ணுறது எப்படி? ஒரே சரிவை ரெண்டு பேர் தனித்தனியா, பேசிக்காம பாக்கணும். முதல் ஆள் 12 கூட்டம் பாத்தாரு, ரெண்டாவது ஆள் 10, ரெண்டு பேருமே பாத்தது 8. முதல் ஆளோட 12-ல 8 தான் ரெண்டாமவர் கண்ணுல பட்டிருக்கு, அதாவது இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான் அவருக்குத் தெரியுது, அப்ப அவர் பாத்த 10-ங்குறது மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கு, மொத்தம் 15. ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தது 14, யார் கண்ணுலயும் படாத கூட்டம் ஒண்ணு. அந்தப் படாத ஒண்ணையும் கணக்குக்குள்ள கொண்டு வருது பாருங்க, எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். நம்ம வரையாடு கணக்கெடுப்புலயும் இந்த ரெட்டை ஆள் முறை உண்டு.

கூடலூர் வாசகர்: தமிழ்நாட்டுல யானை 2023-ல 2,961, 2024-ல 3,063-ன்னு பேப்பர்ல போட்டாங்க. ஒரே வருஷத்துல 102 யானை கூடிச்சா? அந்த 102-ம் எங்க ஊருக்குத்தான் வந்துச்சோன்னு இருக்கு.

அண்ணே, அந்த ரெண்டு நம்பரையும் கழிச்சுப் பாக்கறதுலதான் சிக்கல். எண்ணி முடிச்ச நம்பர் இல்ல அது, மதிப்பீடு. மதிப்பீடுன்னா கீழ இவ்வளவு மேல இவ்வளவுன்னு ஒரு அகலம் இருக்கும். இந்தியா முழுக்க புலிக்கு 2022-ல 3,682-ன்னு சொன்னாங்களே, அதோட அகலம் 3,167-ல இருந்து 3,925 வரைக்கும். கேமராவுல வரிய வச்சு ஒவ்வொண்ணா அடையாளம் காணக்கூடிய புலிக்கே இவ்வளவு அகலம்னா, சாணத்தை வச்சும் பிளாக் பிளாக்கா நடந்து பாத்தும் கணக்கிடுற யானைக்கு 102-ங்குற வித்தியாசம் அந்த அகலத்துக்குள்ளயே அடங்கிடலாம். கூடிச்சுன்னும் சொல்ல முடியாது குறைஞ்சுதுன்னும் சொல்ல முடியாது, ரெண்டு வருஷம் போதாது, பத்து பதினஞ்சு வருஷம் ஒரே முறையில எடுத்தாத்தான் போக்கு தெரியும். பேப்பர்காரங்க அந்த அகலத்தையும் சேர்த்துப் போடணும்னு நான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

உங்க ஊர்ல தினமும் தெரியுறதுக்கு காரணம் வேற. முதுமலையோட பழைய சரணாலயப் பரப்பு 321 சதுர கிலோமீட்டர், ஆனா நீலகிரிப் பக்கம் கழுத்துல ரேடியோ காலர் (எங்க இருக்குன்னு காட்டுற பட்டை) போட்டுப் பாத்ததுல ஒரு பெண் யானைக் கூட்டம் சுத்துற பரப்பே 500-க்கு மேல போகுது. அப்ப இப்படிப்பட்ட கூட்டம் அந்தப் பழைய பரப்புக்குள்ளயே அடங்கி இருக்க முடியாது, பந்திப்பூர் வயநாடுன்னு போய்த்தான் ஆகணும், நடுவுல கூடலூர் எஸ்டேட்டும் வரும்.

கேள்வியில இல்லாத ஒண்ணு, ஆனா சொல்லியே ஆகணும். யானை கிட்டத்தட்ட 22 மாசம் சுமக்கும், அடுத்த குட்டிக்கு நாலஞ்சு வருஷம் ஆகும். இப்படி மெதுவா பெருகுற விலங்குக்கு பிறப்பு இறப்பு மாடல் போட்டுப் பாத்தா, எதிர்காலத்தை முடிவு பண்றது எத்தனை குட்டி பொறக்குதுங்குறதை விட வளர்ந்த பெண் யானைங்க எத்தனை உயிரோட இருக்குதுங்குறதுதான். திருட்டுக் கரண்ட் வேலியில ஒரு தாய் யானை செத்தா அதை ரெண்டு மூணு குட்டி பொறந்து ஈடுகட்டாது. வேலி போடுறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும், ஒரே ராத்திரியில வாழை மொத்தமும் போறது சின்ன இழப்பு இல்ல, அதுக்கு நஷ்டஈடு சீக்கிரம் வரணும், ஆனா லைன்ல இருந்து நேரா கரண்ட் இழுக்குற வேலி மட்டும் வேண்டாம், மனுஷங்களும் அதுல செத்திருக்காங்க.

குன்னூர் கல்லூரி மாணவி: எங்க ஏரியாவுல கரடி இருக்கான்னு சர்வே பண்ண வந்தவங்க ரெண்டு தடவை நடந்து பாத்துட்டு இல்லன்னு எழுதிட்டாங்க. ஆனா எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும் இருக்குன்னு.

தெருவுல சொல்றதைத்தான் நான் நம்புவேன் தங்கச்சி. கரடி இருக்குற இடத்துல ஒரு தடவை நடந்தா எச்சமோ நகக்கீறலோ கிடைக்க 30 சதவீதம் வாய்ப்புன்னு வச்சுக்கோ. ரெண்டு தடவை போயும் ஒண்ணுமே கிடைக்காம போக 0.7-ஐ 0.7-ஆல பெருக்கு, 49 சதவீதம். அதாவது இருக்குற கரடியை பாதிக்குப் பாதி வாய்ப்புல இல்லன்னு எழுதிடுவோம். அஞ்சு தடவை போனா 17 சதவீதம், எட்டு தடவை போனா 6. இதை முறையா கணக்குல கொண்டுவர்ற மாடலை 2002-ல புள்ளியியல் ஆய்வாளர் டேரில் மெக்கென்சியும் கூட இருந்தவங்களும் எழுதினாங்க. காட்டை கட்டம் கட்டமா பிரிச்சு, ஒரே கட்டத்துக்கு திரும்பத் திரும்பப் போய் பாத்தது பாக்காதது ரெண்டையும் எழுதினாப் போதும், எத்தனை கரடின்னு எண்ண வேண்டியதே இல்ல, எத்தனை சதவீத இடத்துல இருக்குன்னு வரும். கரடிக்கு இதுதான் சரிப்படும், ஏன்னா நெஞ்சுல இருக்குற வெள்ளைக் கோடு எழுந்து நின்னாத்தான் தெரியும், புலி மாதிரி படத்தை வச்சு ஆளை அடையாளம் காண்றது கஷ்டம். புள்ளியியல் நல்லா படி, ஆர் (R)-ங்குற புள்ளியியல் சாஃப்ட்வேர் காசில்லாம கிடைக்கும்.

மசினகுடி வாசகர்: கம்ப்யூட்டர்ல கோடு போட்டு இது யானை வழித்தடம்னு சொல்றாங்க. நாங்க தலைமுறையா இருக்குற இடம். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?

கேள்வி நியாயமானதுங்க. சீகூர் பள்ளத்தாக்கு வழித்தடம் பத்தி 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, சட்டம் பத்தி நான் பேசல, மாடல் பத்தி மட்டும் சொல்றேன். வழித்தட மாடல்ல நிலத்தை சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் யானை அதைக் கடக்க எவ்வளவு கஷ்டம்னு மார்க் போடுவாங்க, செங்குத்து சரிவுக்கு அதிகம், ரோட்டுக்கு இவ்வளவு, வேலிக்கு இவ்வளவு, அப்புறம் எந்த வழியா லேசா போகலாம்னு கணக்கு ஓடும். உங்க பக்கம் ஒரு ஓரம் நீலகிரி மலைச்சுவர், இன்னொரு ஓரம் மோயாறு பள்ளம், ரெண்டுலயும் யானையால சுலபமா ஏறி இறங்க முடியாது, நடுவுல இருக்குற சமதளம்தான் பாதை. இதுக்கு கம்ப்யூட்டரே வேண்டாம், உங்க ஊர் இருளர் பெரியவங்களும் இதையேதான் சொல்லுவாங்க.

ஆனா வேலிக்கு எத்தனை மார்க், ஹோம்ஸ்டே லைட்டுக்கு எத்தனை மார்க்னு போடுறது பல நேரம் மேசையில உக்காந்து போடுற உத்தேசம். அந்த உத்தேசத்தை மாத்தினா கோடு நூறு இருநூறு மீட்டர் நகரும், அந்த இருநூறு மீட்டர்லதான் ஒருத்தரோட வீடு இருக்கு. அதனால ரேடியோ காலர், சாணம், நடந்த தடம்னு களத்துல சரிபாக்காத கோட்டை வச்சு யாரோட பட்டா நிலத்தைப் பத்தியும் முடிவு எடுக்கக் கூடாதுங்குறதுல நான் உறுதியா இருக்கேன். பாதையே இல்லன்னு சொல்றதும் அதே அளவு தப்பு.

பூம்பாறையில பூண்டு போடுற வாசகர்: கொடைக்கானல்ல எந்த விலங்கு எங்க இருக்குன்னு மேப் போடுறாங்களாம், எங்க ஊர்ப் பக்கம் அதுல காலியா இருக்கு. நாங்க என்ன செய்யலாம்?

அந்த மேப்புக்கு டேட்டா எங்க இருந்து வருதுன்னு பாருங்க தம்பி, டூரிஸ்ட் எடுத்த போட்டோ, பேரிஜம் ரோட்டுல போனவங்க பதிவு பண்ணது, வட்டக்கானல்ல பறவை பாக்க வந்தவங்க போட்டது. ரோட்டோரத்துல ஆள் இருக்கு அதனால பதிவு இருக்கு. இதை அப்படியே மாடலுக்குக் கொடுத்தா காட்டெருமைக்கு ரோடுதான் ரொம்பப் பிடிக்கும்னு அது முடிவு பண்ணிடும். பழனி மலையில 1973-ல இருந்து 2014-க்குள்ள புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு செயற்கைக்கோள் படத்தை வச்சு காட்டியிருக்காங்க, இவ்வளவு மாறின மலையில எந்த விலங்கு எங்க ஒதுங்கியிருக்குன்னு தெரிய உங்க மாதிரி ஊர்ல இருந்து வர்ற பதிவுதான் வேணும்.

ஒரு நோட்டு போடுங்க. ராத்திரி காவலுக்குப் போறப்ப தேதி, எந்த வயல், எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும் இருந்தீங்க, என்ன வந்துச்சு, எத்தனை. ஒண்ணுமே வராத ராத்திரியையும் மறக்காம எழுதுங்க, பலபேர் அதை விட்டுடுறாங்க, அது இல்லன்னா வந்த ராத்திரிக்கு கணக்குல மதிப்பே இல்ல. மூடுபனி இருந்துச்சா, டார்ச் அடிச்சீங்களா, பூண்டு எத்தனை மாசப் பயிருன்னும் ஓரமா குறிச்சு வைங்க, பாக்குற வாய்ப்பு இதுலதான் மாறும். பக்கத்து வயல்காரர் உங்களைக் கேக்காம தனியா இன்னொரு நோட்டு போட்டா இன்னும் நல்லது, ஒரு சீசன் முடிஞ்சதும் ரெண்டையும் போட்டோ எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்க, மேல சொன்ன 12, 10, 8 கணக்கை உங்க வயலுக்கே போட்டு அடுத்து வர்ற இதழ்ல காட்டுறேன்.