ஆசிரியர் பயிற்சிப் பட்டறையில் அறிமுகத்தையும் குழுச் செயல்பாட்டையும் எப்படித் தொடங்குவது?

கேட்டவர் முதல்முறையாகப் பயிற்சி நடத்தும் கருத்தாளராகப் போகிறார். நாற்பது தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், இரண்டு நாள் பயிற்சி. நான் ஈரோடு மாவட்டத்தில் பதினோரு வருடம் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பெயர், பள்ளி, எத்தனை வருட சர்வீஸ் என்று வரிசையாக எழுந்து சொல்லச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலே ஒரு மணி நேரம் போய்விடும். நேரம் போவதுகூடப் பரவாயில்லை. ஆரம்பத்தில் நான் ஒரு மூன்று நாள் பயிற்சியை இப்படித்தான் தொடங்கினேன். முன்வரிசையில் "இருபத்தெட்டு வருசம்", "முப்பத்தொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பின்வரிசையில் ஒரு இளம் டீச்சர் "ரெண்டு வருசங்க சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் மூன்று நாளும் அவர் வாயே திறக்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சுக் கொடுத்தேன். பர்கூர் மலையில் ஒரு ஈராசிரியர் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறார். அங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம். ஒவ்வொரு பொருளுக்கும் பிள்ளைகளிடமே கன்னடச் சொல்லைக் கேட்டு, படம் வரைந்து, பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதி ஒரு நோட்டு முழுக்கச் சேர்த்து வைத்திருந்தார். எங்கள் பயிற்சியே தொடக்க வகுப்பு வாசிப்பைப் பற்றியது! அந்த நோட்டு மூன்று நாளும் அவர் பையிலேயே இருந்திருக்கிறது. நான் அவரிடம் கேட்டது சர்வீஸ் கணக்கை மட்டும்தான். இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

அதன்பிறகு அறிமுகக் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இந்த மாதம் உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை சொன்ன, உங்களால் மறக்க முடியாத ஒரு வரி என்ன?" இதற்கு முப்பது வருட சர்வீஸும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். வகுப்பறையில் இருந்தால் போதும். ஒன்பதரைக்குத் தொடக்கம் என்று சுற்றறிக்கை போனாலும், மலையிலிருந்து பஸ் மாறி வருபவர்கள் சேரப் பத்து மணி ஆகிவிடும். அதனால் வாசலிலேயே துண்டுச்சீட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்துவிடுங்கள். வருபவர்கள் அந்த வரியை எழுதிச் சுவரில் இருக்கும் சார்ட்டில் ஒட்டட்டும். தாமதமாக வருபவரும் தலைகுனியாமல் சேர்ந்துகொள்வார், சீக்கிரம் வந்தவரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்.

அப்புறம் ஜோடி சேர்ப்பது. ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஒட்டியேதான் உட்காருவார்கள், அது இயல்பு. அவர்களைப் பிரிக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வதைவிட எங்கள் பக்கத்துச் சொற்கள் நன்றாக வேலை செய்தன. ஒரு சீட்டில் பொடக்காலி, இன்னொன்றில் அதே பொருள் தரும் புழக்கடை. அட்டாலிக்குப் பரண், ஒறம்பரைக்கு உறவினர், அங்கராக்குக்குச் சட்டை. சீட்டுகளைக் கலந்து கொடுத்து, ஜோடியைத் தேடிப் பிடிக்கச் சொல்வேன். ஐந்தே நிமிடத்தில் அறையே கலகலப்பாகிவிடும். தெற்கிலிருந்து இங்கே பணிக்கு வந்த ஒரு டீச்சர் இட்டேரி என்ற சீட்டை வைத்துக்கொண்டு, "இது ஏதோ சாப்பாட்டுப் பேராங்க?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் வேலி போட்ட காட்டுப் பாதை என்று கோபிக்காரர் ஒருவர் கையை விரித்துக் காட்டி விளக்கினார். உடனே அந்த டீச்சர், "என் வகுப்புப் பையன் இட்டேரியில பாம்பு பாத்தேன்னான். எனக்குப் புரியாம, போய் உக்காருடான்னுட்டேன்" என்றார். அறை அமைதியாகிவிட்டது. வீட்டுமொழிக்கும் பாடப்புத்தக மொழிக்கும் உள்ள தூரம் பற்றி நான் பேச நினைத்திருந்ததற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. முதல் செயல்பாடு அன்றைய பாடத்துக்குள் கொண்டுபோய் விடவேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான். வெறும் கலகலப்புக்காக மட்டும் ஒரு விளையாட்டு வைத்தால், அது முடிந்ததும் மறந்துபோகும்.

ஜோடிகள் தாங்கள் எழுதி ஒட்டிய வரியைப் பற்றி ஆளுக்கு மூன்று நிமிடம் பேசட்டும். பிறகு நான்கு ஜோடி சேர்ந்து எட்டுப் பேர் குழு. ஒவ்வொருவரும் தன் ஜோடியை அந்த எட்டுப் பேருக்கு மட்டும் அறிமுகப்படுத்தினால் போதும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அறிமுகம் முடிந்ததும் எட்டை நான்கு நான்காகப் பிரித்துவிடுங்கள், எட்டுப் பேர் சேர்ந்தால் மூன்று பேர்தான் வேலை செய்வார்கள். குழு வேலைக்குப் பயிற்சிக் கையேடான கட்டகத்தின் பக்கத்தைக் கொடுக்காமல், பெயரை மறைத்துவிட்டு ஒரு குழந்தையின் நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். "இந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். என்ன தெரியாது என்று கேட்டால் பிழைகளைத்தான் அடுக்குவார்கள்.

உங்கள் முன்னால் இருப்பவர்களில் பலர் 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த, அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றலையும் பார்த்தவர்கள், தொடக்க வகுப்புகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிக்கும் உட்கார்ந்தவர்கள். இதெல்லாம் எத்தனை பார்த்தாச்சு என்ற அலுப்பு முகத்தில் தெரியும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு செய்ததில் எது இன்னும் உங்கள் வகுப்பில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், நிறையக் கிடைக்கும்.

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். தலைமையுரையை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிக்க முன்கூட்டியே பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டம் பாட்டு வைப்பதானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். எங்கள் பக்கத்தில் கும்மிதான் பொருத்தம். ஒருவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதால் யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. 2024இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை பத்ரப்பன் ஐயா வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். இன்று பல டீச்சர்களுக்கே அடவு தெரியும், அவர்களையே முன்னே நிற்கவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் இருந்தபடி கைதட்டினாலும் கும்மியில் சேர்த்திதான்.

சொற்சீட்டு ஜோடிகளை இருபதுக்கு மேல் நான்கைந்து கூடுதலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் மிச்சச் சீட்டை நீங்களே எடுத்துக்கொண்டு ஜோடியைத் தேடப் போங்கள்.