பன்னிரண்டாவது ஹெலிக்ஸ் (கடிதம்)

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

முதுநிலை உயிர்வேதியியல் படிக்கிறேன். ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு மரபணுக்களை இயக்கும் புரதங்களான உட்கரு ஏற்பிகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஹார்மோன் சாவி, ஏற்பி பூட்டு, சாவி பொருந்தினால் மரபணு திறக்கும் என்று புரிந்துகொண்டேன். அப்படியென்றால் சாவி எதுவென்றே தெரியாத ‘அநாதை ஏற்பிகள்’ எப்படி இயங்குகின்றன? என்றாவது எல்லாவற்றுக்கும் சாவி கிடைத்துவிடுமா? ஏற்பியிலுள்ள பன்னிரண்டு ஹெலிக்ஸ்களையும் (புரதச் சங்கிலியின் சுருள்களையும்) மனப்பாடம் செய்ய வேண்டுமா? இந்தத் துறைக்கு ஆய்வுக்கு வரலாமா?

ச.

அன்புள்ள ச.,

மனப்பாடம் வேண்டாம். ஆய்வுக்கு வருவது உங்கள் விருப்பம், அதற்கு என்னிடம் அனுமதிச்சீட்டு இல்லை. ஆனால் அந்தப் பூட்டையும் சாவியையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அக்காவின் பழைய டமாக்சிஃபென் மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

எமில் ஃபிஷர் 1894இல் நொதிகளுக்காகச் சொன்ன உவமை அது. அதைக் கொண்டுவந்து ஏற்பியின் மேல் ஏன் மாட்டுகிறீர்கள்? சாவி வருவதற்கு முன்னும் பூட்டு பூட்டாகவே இருக்கும். ஏற்பி அப்படியில்லை. மாணவியாக இருந்தபோது ஏற்பியில் லிகண்ட், அதாவது ஹார்மோன் போன்ற மூலக்கூறு, பிணையும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஹார்மோன் சேர்க்காத குழாயில் காலையில் பார்த்தால் புரதம் வெள்ளையாக அடியில் படிந்து கிடக்கும். சேர்த்த குழாய் தெளிந்த நீர் மாதிரி இருக்கும். ஹார்மோன் அந்தப் புரதத்தின் உள்ளே முழுக்கப் புதைந்து, அதற்கே ஒரு முதுகெலும்பாகிவிடுகிறது. எந்தச் சாவி பூட்டுக்கு முதுகெலும்பாக நிற்கும்? அளவும் அச்சாகப் பொருந்துவதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஹார்மோன் உட்காரும் குழி, அதில் உட்காரும் ஈஸ்ட்ரடயால் என்ற ஹார்மோனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

விஷயம் பன்னிரண்டாவது ஹெலிக்ஸில் இருக்கிறது. ஹார்மோன் இல்லாதபோது அது ஓரிடத்தில் நிற்காமல் அலைபாயும். ஹார்மோன் வந்ததும் குழியின் மேல் மூடிபோல வந்து படியும். படிந்ததும் பக்கத்து ஹெலிக்ஸ்களோடு சேர்ந்து ஏற்பியின் மேற்பரப்பில் ஒரு பள்ளம் உருவாகும். துணைச்செயலூக்கிப் புரதங்கள் தங்களிடமுள்ள லியூசின் என்ற அமினோ அமிலங்களை அந்தப் பள்ளத்தில் பதித்து உட்காரும். அவை கூட்டிவரும் நொதிகள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் குரோமட்டினைத் தளர்த்தும், மரபணு பேசத் தொடங்கும். காலியான ஏற்பி சும்மா இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். தைராய்டு ஹார்மோன் ஏற்பி காலியாக இருக்கும்போது ஒடுக்கிப் புரதங்களைப் பிடித்துவைத்து மரபணுவை அமுக்கிக்கொண்டிருக்கும்.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஐந்து வருடம் டமாக்சிஃபென். “ஈஸ்ட்ரோஜன் பூட்டை இது அடைத்துவிடும்” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிறகு, ரத்தப்போக்கு ஏதாவது இருந்தால் உடனே வரச்சொன்னார், மாத்திரையால் கருப்பையின் உட்படலம் தடிக்கலாமாம். வீட்டுக்கு வந்து அக்கா என்னைக் கேட்டாள்: “அடைக்கிற மருந்துன்னா எல்லா இடத்திலயும் அடைக்கணும்தானே? அங்க மட்டும் எதுக்குடி வளருது?” நான் இதையே படித்தவள். “அதெல்லாம் சிக்கல்க்கா” என்று மழுப்பினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பதில் 1998லேயே, ஏற்பியைப் படிகமாக்கி அதன் வடிவத்தைப் பார்த்த ஆய்வில், வந்திருந்தது. டமாக்சிஃபெனின் செயல்வடிவம் அதே குழிக்குள்தான் போகிறது. ஆனால் அதன் நீண்ட கை வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பன்னிரண்டாவது ஹெலிக்ஸால் மூடியாகப் படிய முடியவில்லை. அது நகர்ந்து, துணைப்புரதம் உட்கார வேண்டிய பள்ளத்தில் தானே போய்ப் படுத்துக்கொள்கிறது. மார்பகத்தில் கதை அதோடு முடிந்தது. ஆனால் ஏற்பிக்கு மறுமுனையில் இன்னொரு செயலூக்கப் பகுதியும் உண்டு. கருப்பை உட்படலச் செல்களில் துணைப்புரதங்களின் கூட்டம் வேறு, அங்கே மறுமுனையே வேலையை நடத்திவிடுகிறது.

பல மாதம் கழித்துத்தான் அக்காவுக்குச் சொன்னேன். அவள் இடதுகையைக் குவிக்கச் சொல்லி, கட்டைவிரல்தான் பன்னிரண்டாவது என்றேன். உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தேன். அவள் விரலை மூடினாள், திறந்தாள், ஓரமாகச் சாய்த்தாள். “இது எங்க படுக்குதுங்கறதுதான் விஷயமா? இதைச் சொல்ல உனக்கு இத்தனை மாசமா?” என்றாள்.

உங்கள் கேள்வியை மறந்தேவிட்டேன். ‘அநாதை’ என்ற பெயரே சாவி உவமை பெற்ற பிள்ளைதான். மனிதருக்கு 48 உட்கரு ஏற்பிகள். அவற்றில் நர்1 என்ற அநாதை ஒன்றின் படிகம் 2003இல் வந்தது. குழி இருக்க வேண்டிய இடத்தை அதன் சொந்தப் பக்கச்சங்கிலிகளே அடைத்திருந்தன. எந்த லிகண்டும் இல்லாமலே பன்னிரண்டாவது ஹெலிக்ஸ் வேலைக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சாவி தேடி எங்கே போவீர்கள்?

தேர்வில் பூட்டு, சாவி என்று எழுதினால் மதிப்பெண் போடுவார்கள். எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதும்போது வேண்டாம்.